பன்னிரண்டு நிமிஷப் பரீட்சை

2018ம் வருஷம் ஏப்ரல் மாதம், அமெரிக்காவில் டெக்ஸஸ் மாகாணத்தில் இருக்கும் என் அக்கா வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தேன். போகும்போது பெட்டி நிறையச் சாம்பார்ப் பொடியும், வடாமும், அக்கா சொல்லியனுப்பிய இரண்டு பருத்திப் புடைவைகளும் கொண்டு போனேன். திரும்பி வரும்போது ஒரு கேள்வியைக் கொண்டு வந்தேன். பொடியும் வடாமும் எப்போதோ தீர்ந்து போயிருக்கும். கேள்வி மட்டும் இன்னும் என்னிடம் தீராமல் இருக்கிறது.

கேள்வி இதுதான்: ஒரு மனிதனுடைய புத்தியைப் பரீட்சை வைத்து அளந்துவிட முடியுமா? அப்படி அளந்த மார்க்கு, அவன் நாளைக்குச் செய்யப் போகிற வேலையைப் பற்றி ஏதாவது சொல்லுமா?

"இது பழைய கேள்விதானே?" என்பீர்கள். வாஸ்தவம். ஆனால் நான் அதைச் சந்தித்த இடம் சற்று விசித்திரமானது. பள்ளிக்கூடத்திலும் சந்திக்கவில்லை, உத்தியோகம் கொடுக்கிற ஆபீஸிலும் சந்திக்கவில்லை. பந்தாட்டக் களத்தில் சந்தித்தேன்.

அக்காவுக்கு ஒரே பிள்ளை. அப்போது அவனுக்குப் பத்து வயது. விமான நிலையத்தில் என்னைக் கண்டதும் "சித்தி!" என்று ஓடி வந்து கட்டிக்கொண்ட சுறுசுறுப்பான பையன், வீட்டுக்குள் நுழைந்ததும் ஏனோ அடங்கிப் போனான். அக்காவும் முன் மாதிரி இல்லை. "சாப்பாட்டிலே கவனம் இல்லை, பாடத்திலே கவனம் இல்லை, உனக்கு எதிலேதான் கவனம்?" என்று எதற்கெடுத்தாலும் அவனைக் கரித்துக் கொட்டிக் கொண்டிருந்தாள். ஒரே பிள்ளையைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றியவளா இவள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

மூன்றாம் நாள் ராத்திரி, பையன் தூங்கிய பிறகு விஷயம் வெளியே வந்தது. சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டரின் பின்னாலிருந்து அக்கா ஒரு கடிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது. வகுப்பில் எல்லாக் குழந்தைகளுக்கும் புத்தித் திறமைப் பரீட்சை ஒன்று வைத்தார்களாம். அதில் உயர்ந்த மார்க்கு வாங்கியவர்களைப் பொறுக்கி எடுத்துத் தனி வகுப்பில் சேர்ப்பார்களாம். கடிதத்தில் ஓர் எண் இருந்தது. அதற்குக் கீழே, 'தங்கள் குழந்தை தேர்ந்தெடுக்கப்படவில்லை' என்பதை வெகு மரியாதையாகச் சொல்லும் ஒரு வாக்கியம் இருந்தது.

"நம்மவர் பிள்ளைகள் அந்த வகுப்பில் ஐந்து பேர். நாலு பேருக்குக் கிடைத்துவிட்டது" என்றாள் அக்கா.

"குழந்தைக்குத் தெரியுமா?"

"தெரியாது. நான் சொல்லவே இல்லை. சொன்னால் அவன் மனசு உடைந்துவிடாதா?"

அவன் மனசு எப்படியோ, அக்காவின் மனசு உடைந்து போயிருந்தது என்பது அவள் கடிதத்தை மறுபடியும் காலண்டருக்குப் பின்னால் செருகிய விதத்திலிருந்தே தெரிந்தது.

அந்த வாரத்து வியாழக்கிழமை, ஏப்ரல் 26ந் தேதி, மாலை ஏழு மணிக்கு அத்திம்பேர் டெலிவிஷன் முன்னால் சம்பிரமமாக உட்கார்ந்தார். பக்கத்தில் பையன். "சித்தி, நீயும் வா! இன்றைக்கு டிராப்ட்!" என்று கையைப் பிடித்து இழுத்தான்.

அமெரிக்கர்கள் புட்பால் என்று சொல்வது நம் ஊரில் உதைக்கிற பந்து அல்ல. பந்து தேங்காயைப் போல இரண்டு பக்கமும் கூம்பியிருக்கும். காலால் உதைப்பது அபூர்வம். கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள், அல்லது இன்னொருவனுக்கு வீசுவார்கள். எதிர்க் கட்சிக்காரர்கள் ஓடுகிறவன் மேல் மலை சரிகிற மாதிரி விழுந்து அமுக்குவார்கள். தலைக்கவசமும் தோள் கவசமும் இல்லாமல் களத்தில் இறங்க முடியாது. ஒவ்வொரு பக்கமும் 11 பேர். அவர்களில் ஆட்டத்தை நடத்துகிறவனுக்கு க்வார்ட்டர்பேக் என்று பெயர். கல்யாண வீட்டில் தலைமைச் சமையல்காரர் எப்படியோ, அப்படி. அவன் கையில் பந்து வந்த பிறகுதான் மற்றதெல்லாம்.

தேசிய புட்பால் லீக் என்ற அமைப்பில் 32 கட்சிகள் உண்டு. கல்லூரிகளில் ஆடித் தேறிய வாலிபர்களை வருஷத்துக்கு ஒரு முறை இந்த 32 கட்சிகளும் வரிசை வைத்துத் தேர்ந்தெடுத்துக் கொள்கின்றன. போன வருஷம் மோசமாகத் தோற்ற கட்சிக்கு முதல் சலுகை. இப்படி ஏழு சுற்று. முதல் சுற்றிலே முன்னால் எடுக்கப்பட்டவனுக்குக் கோடிக் கணக்கில் பணம்; பின்னால் தள்ளப்பட்டவனுக்கு அதில் ஒரு சிறு பங்கு. அந்த வருஷம் இந்த வைபவம் டாலஸ் நகரத்துக் கட்சியின் சொந்த மைதானத்திலேயே நடந்தது. அக்கா வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் காரில் போய்விடலாம். ஆகவே அத்திம்பேருக்குத் தம் வீட்டுக் கல்யாணம் மாதிரி உற்சாகம்.

"இந்தத் தடவை ஐந்து க்வார்ட்டர்பேக்குகள்" என்று பையன் விரல் விட்டு எண்ணினான். "ஜோஷ் ஆலன் 37. ஜோஷ் ரோஸன் 29. ஸாம் டார்னல்ட் 28. பேக்கர் மேபீல்ட் 25. லாமர் ஜாக்ஸன் 13."

"என்னடா அது, சட்டை நம்பரா?"

"இல்லை சித்தி. பரீட்சை மார்க்கு!"

நான் சிரித்துவிட்டேன். பந்து வீசுகிறவனுக்குப் பரீட்சையா? அப்புறம் அத்திம்பேர் விளக்கினார். டிராப்டுக்கு முன்னால் வாலிபர்களை இண்டியானபொலிஸ் நகரத்துக்கு வரவழைப்பார்கள். ஓட விடுவார்கள், குதிக்க விடுவார்கள், உள்ளங்கையின் நீளத்தைக் கூட அளப்பார்கள். அதோடு ஒரு காகிதமும் பென்சிலும் கொடுத்து உட்கார வைப்பார்கள். 50 கேள்வி, 12 நிமிஷம். அதற்கு வொண்டர்லிக் பரீட்சை என்று பெயர். எல்டன் வொண்டர்லிக் என்பவர் 1936ல் உண்டாக்கியது. தொழிற்சாலைகளிலும் ஆபீஸ்களிலும் ஆள் எடுப்பதற்காக ஏற்பட்டதை, 1970களில் டாலஸ் கட்சியின் பயிற்சியாளர் டாம் லாண்ட்ரி போன்றவர்கள் புட்பாலுக்குள் கொண்டுவந்தார்கள். மார்க்கு ரகசியம் என்றுதான் ஏற்பாடு. ஆனால் வருஷா வருஷம் அது பத்திரிகைகளுக்கு எப்படியோ கசிந்துவிடும். நாட்டில் பத்து வயதுப் பையன்கள் கூட விரல் விட்டு எண்ணுகிற ரகசியமாகிவிடும்!

விளம்பர இடைவேளையில் அத்திம்பேர் இன்டர்நெட்டிலிருந்து ஒரு மாதிரிக் கேள்வித் தாளை எடுத்துக் கொடுத்தார். "உங்கள் பத்திரிகைக்காரப் புத்தியைப் பார்க்கலாமே" என்றார். பையன் கடிகாரத்தோடு எதிரில் உட்கார்ந்துகொண்டான்.

முதல் பத்துக் கேள்வி வெல்லம். மூன்று பென்சில் 45 சென்ட் என்றால், ஒரு டாலர் 5 சென்ட்டுக்கு எத்தனை பென்சில் என்கிற தினுசு. ஒரு சொல்லைக் கொடுத்து எதிர்ப்பதம் கேட்பார்கள். எண்களை வரிசையாக எழுதி அடுத்தது என்ன என்பார்கள். ஒவ்வொன்றும் நாலாம் வகுப்புக் கணக்குத்தான். ஆனால் ஒரு கேள்விக்குப் பதினாலு விநாடிக்குச் சற்று மேல், அவ்வளவுதான் அவகாசம். போகப் போகக் கேள்வி கடினமாகிறது, கையும் வேர்க்கிறது. எதிரில் ஒரு குழந்தை, "சித்தி, இன்னும் மூணு நிமிஷம்... இன்னும் ஒரு நிமிஷம்..." என்று யம தூதன் போல அறிவிக்கிறது. 33வது கேள்வியில் "டைம்!" என்று கத்தினான்.

திருத்திப் பார்த்ததில் 22 மார்க்கு. சாதாரண ஜனங்களின் சராசரி இருபதைச் சுற்றி நிற்கிறதாம். இருபது வருஷப் படிப்புக்கும் பத்திரிகை ஆபீஸ் அனுபவத்துக்கும் சராசரிக்கு ஒரு விரற்கடை மேலே நின்றேன். எனக்கு உள்ளூர அவமானமாகத்தான் இருந்தது. விளையாட்டுக்கு எழுதிய பரீட்சைதான். யாருக்கும் தெரியப் போவதில்லை. இருந்தாலும் அந்த எண், என்னைப் பற்றி எனக்கே தெரியாத ஏதோ ஒன்றைத் தெரிந்து வைத்திருக்கிற மாதிரி தோன்றியது. முப்பது வயதில் எனக்கே இப்படி என்றால், பத்து வயதில் எப்படி இருக்கும்?

"கவலைப்படாதே சித்தி. நீ டான் மரினோவை ஜெயித்துவிட்டாய். அவருக்குப் பதினாறுதான்" என்றான் பையன்.

இந்த டான் மரினோவின் கதை சுவாரஸ்யமானது. 1983ல் டிராப்டுக்கு வந்தவர். முதல் சுற்றில் ஆறு க்வார்ட்டர்பேக்குகள் எடுக்கப்பட்டார்கள். ஆறாவது ஆளாக, 27வது இடத்தில் அவரை மயாமி கட்சி எடுத்தது. அடுத்த வருஷமே, 1984ல், ஒரே பருவத்தில் 5,084 கஜம் பந்து வீசினார். அதற்கு முன் ஐயாயிரத்தை எவருமே தொட்டதில்லை. 2005ல் புட்பாலின் கீர்த்தி மண்டபத்தில் அவருக்கு இடம் கொடுத்தார்கள்.

இதற்கு நேர் மாறாக பாட் மக்கினலி என்று ஒருவர். ஹார்வர்ட் சர்வகலாசாலையில் படித்தவர். 1975ல் இந்தப் பரீட்சையில் ஐம்பதுக்கு ஐம்பது வாங்கினார். அந்த மேதாவியை முதல் சுற்றில் கொத்திக்கொண்டு போனார்களா? இல்லை. ஐந்தாவது சுற்றில்தான் ஸின்ஸினாட்டி கட்சி எடுத்தது. அதிக மார்க்கே தமக்குக் குந்தகமாயிற்று என்று அவர் பிற்பாடு சொல்லியிருக்கிறார். மிதமிஞ்சிய புத்திசாலி பயிற்சியாளரோடு வாதம் பண்ணுவானே என்கிற பயமாம்! மாட்டுப் பெண் தேடும் மாமியார்களுக்கு மட்டுந்தான் அந்தப் பயம் உண்டு என்று நான் நினைத்திருந்தேன்.

இன்னொரு ஹார்வர்ட்காரர் ரயன் பிட்ஸ்பாட்ரிக். 2005ல் வந்தவர், மார்க்கு 48. எடுக்கப்பட்டதோ 250வது ஆளாக, கடைசிச் சுற்றில். அவர் 17 பருவங்கள் ஒன்பது கட்சிகளுக்கு ஆடினார். ஜனங்கள் அவரிடம் உயிரை வைத்திருந்தார்கள். ஆனால் பருவ முடிவில் வெற்றி பெற்ற கட்சிகள் மோதும் பெரிய ஆட்டங்களில் ஒன்றில் கூட ஆடும் பாக்கியம் அவருக்குக் கிட்டவில்லை. அதே வருஷம், அதே டிராப்டில், பிராங்க் கோர் என்று ஓர் ஓட்டக்காரர். எழுத்துக்கள் கண்ணில் குழம்பும் படிப்புக் குறை சிறு வயதிலிருந்தே உள்ளவர். அவருடைய மார்க்கு 6 என்று பத்திரிகைகளில் அடிபட்டது. அவர் 16 பருவங்கள் ஆடி, பந்தோடு ஓடிய தூரம் 16,000 கஜம். லீக்கின் சரித்திரத்திலேயே அவருக்கு மேல் இரண்டே பேர்.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் ஊரில் அப்போதே சொல்லி வைத்தார்கள்" என்றேன் நான், வெற்றி முழக்கமாக.

அத்திம்பேர் விடவில்லை. "அவ்வளவு சுலபமாகத் தீர்ப்புச் சொல்லிவிடாதே. க்வார்ட்டர்பேக் ஒரு பெரிய புஸ்தகம் நிறைய ஆட்ட வியூகங்களை மனப்பாடம் பண்ண வேண்டும். தெரியுமா? ஒரு ஆட்டம் முடிந்து அடுத்தது தொடங்க 40 விநாடிதான். அதற்குள் தலைக்கவசத்துக்குள் இருக்கிற ரேடியோவில் பயிற்சியாளர் சொல்வதைக் கேட்டு, கூட்டாளிகளிடம் சொல்லி, எதிராளி நிற்கிற நிலையைப் பார்த்து, வேண்டுமானால் மாற்றி... புத்தி இல்லாதவன் செய்கிற காரியமா இது? புத்தி வேண்டுமென்றால் அதை அளக்க ஒரு கோலும் வேண்டாமா? நான் பரீட்சை எழுதித்தான் இந்த ஊருக்கு வந்தேன். எங்கள் அப்பாவுக்குச் சிபாரிசு பிடிக்க ஆள் இல்லை. பரீட்சை இல்லாவிட்டால் எனக்கு யார் கதவைத் திறந்திருப்பார்கள்?"

நான் வாயடைத்துப் போனேன். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எத்தனையோ குடும்பங்களை ஏற்றிவிட்ட ஏணி அல்லவா பரீட்சை? சிபாரிசைவிட மார்க்கு மேல் என்பதை நான் மறுக்கத் தயாராயில்லை.

ஊருக்குத் திரும்பிய பிறகு இதைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அத்திம்பேருக்கு அன்று சொல்லத் தெரியாத பதில் இரண்டு இடங்களில் கிடைத்தது.

ஒன்று, 2009ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி. மூன்று வருஷத்து டிராப்டுகளிலிருந்து 762 ஆட்டக்காரர்களின் வொண்டர்லிக் மார்க்கையும், பிற்பாடு அவர்கள் ஆடிய ஆட்டத்தையும் மனோதத்துவப் பேராசிரியர்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். சாதாரண உத்தியோகங்களில் இந்த மாதிரிப் பரீட்சை ஓரளவு பலன் சொல்லக்கூடியதுதான். அதை அவர்களும் அறிவார்கள். புட்பாலில் மட்டும் மார்க்குக்கும் ஆட்டத்துக்கும் சம்பந்தமே அநேகமாகக் காணோம். இரண்டொரு இடங்களில் ஆடுகிறவர்களில், மார்க்கு குறைந்தவர்களே சற்று நன்றாக ஆடியிருந்தார்கள்!

ஏன் அப்படி? யோசித்தால் விளங்காமல் இல்லை. காகிதப் பரீட்சையில் கேள்வி அசையாமல் உட்கார்ந்திருக்கிறது; களத்தில் கேள்வியே ஓடுகிறது. பந்து கைக்கு வந்து மூன்று விநாடிக்குள் வீசியாக வேண்டும். நூற்றிருபது கிலோ எடையுள்ள மனிதர்கள் மேலே வந்து விழப் போகிறார்கள். நண்பன் இப்போது எங்கே இருக்கிறான் என்று பார்த்தால் போதாது. இன்னும் ஒரு விநாடியில் எங்கே இருப்பான் என்று தெரிய வேண்டும். இதுவும் புத்திதான். ஆனால் 'கண் பார்த்தால் கை செய்யும்' என்று நம் பாட்டிமார் சொல்கிற புத்தி. பென்சில் விலைக் கணக்கில் அது எப்படி அகப்படும்?

இரண்டாவது பதில் ஒரு கோர்ட்டுத் தீர்ப்பு. அதற்கும் புட்பாலுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் பரீட்சை இதே வொண்டர்லிக் பரீட்சைதான். வட கரோலினா மாகாணத்தில் ட்யூக் மின்சாரக் கம்பெனியின் நிலையம் ஒன்றில் கறுப்பர்களுக்குக் கூலி வேலை தவிர வேறு கிடைக்காமல் இருந்தது. 1965ல் சம உரிமைச் சட்டத்தின் வேலை வாய்ப்பு விதிகள் அமலுக்கு வந்தன. வந்த அன்றைக்கே கம்பெனி, மேல் வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர்கள் இந்தப் பரீட்சையில் தேற வேண்டும் என்று விதித்தது! பரீட்சை இல்லாமலே அந்த வேலையில் ஏற்கெனவே இருந்த வெள்ளையர்கள் நன்றாகத்தான் வேலை செய்து கொண்டிருந்தார்கள். வில்லி கிரிக்ஸ் என்ற தொழிலாளியும் அவருடைய தோழர்களும் வழக்குப் போட்டார்கள். 1971ல் அமெரிக்க ஸுப்ரீம் கோர்ட் ஒருமனதாகத் தீர்ப்புச் சொல்லியது. பரீட்சை வைப்பது குற்றமில்லை. ஆனால் அது செய்யப் போகிற வேலைக்குச் சம்பந்தப்பட்டதாக இருக்க வேண்டும், அந்த வேலைக்கு ஆள் தகுதியா என்று அளக்க வேண்டுமே தவிர, மனிதனைப் பொதுப்படையாக எடை போடக் கூடாது என்பது அதன் சாரம்.

அத்திம்பேர் ஏறி வந்த ஏணிக்கும், கிரிக்ஸ் முன்னால் எழுப்பிய சுவருக்கும் உள்ள வித்தியாசம் அந்தத் தீர்ப்பில் எனக்குப் புரிந்தது. இரண்டும் பரீட்சைதான். ஒன்று வேலையைக் கேட்டது. மற்றது ஆளைத் தடுத்தது.

அந்த வியாழக்கிழமை இரவுக்கு வருகிறேன்.

ஐந்து பேரில் மேபீல்ட் முதல் ஆளாகப் போனார். டார்னல்ட் மூன்றாவது. ஆலன் ஏழாவது. ரோஸன் பத்தாவது. அப்புறம் லாமர் ஜாக்ஸன்தான் பாக்கி. 2016ல் கல்லூரி ஆட்டக்காரர்களில் தலைசிறந்தவர் என்று ஹைஸ்மன் பரிசு வாங்கியவர். அந்தப் பரிசை வாங்கியவர்களிலேயே வயதில் சிறியவர். அப்படிப்பட்டவரை, "இவன் க்வார்ட்டர்பேக் ஆக வேண்டாம், பந்தைப் பிடித்து ஓடட்டும்" என்று பெயர் பெற்ற பழைய நிர்வாகி ஒருவர் பகிரங்கமாகவே சொல்லியிருந்தார். கறுப்பு வாலிபர்களுக்கு ஓடுவதற்குக் கால் உண்டு, ஆட்டத்தை நடத்தத் தலை கிடையாது என்கிற எண்ணம் அந்த விளையாட்டில் பழைய வியாதி. பதின்மூன்று என்கிற எண் வேறு அதற்குத் துணை சேர்ந்தது.

பதினைந்து, இருபது, இருபத்தைந்து... பெயர்கள் வாசிக்கப்பட்டுக் கொண்டே போயின. இருபத்தைந்தாவது இடத்தில் பால்ட்டிமோர் கட்சி கூட வேறு ஒருவரை எடுத்தது. டெலிவிஷன்காரர்களுக்குக் கருணை கிடையாது. காத்திருக்கும் அறையில் பச்சைக் கோட்டு அணிந்து உட்கார்ந்திருந்த அந்தப் பிள்ளையையும், அவன் பக்கத்திலிருந்த ஓர் அம்மாளையும் மறுபடியும் மறுபடியும் காட்டினார்கள்.

சமையலறையைச் சுத்தம் செய்து முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே வந்த அக்கா, நின்றபடியே பார்த்தாள்.

"யாரடா அந்த அம்மாள்?"

"லாமருடைய அம்மா. அவனுக்கு எட்டு வயசிலே அப்பா செத்துப் போயிட்டார். அம்மாதான் அவனுக்கு புட்பால் பழக்கிக் கொடுத்தாள். இப்போ மானேஜரும் அவள்தான்" என்றான் பையன்.

அக்கா மெதுவாக ஸோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "எத்தனை நேரமாக உட்கார்ந்திருக்கிறாள்?"

"மூணு மணி நேரமாக."

"அவளுக்கும் தெரியுமா, அந்தப் பதின்மூன்று?"

"எல்லோருக்கும் தெரியும் அம்மா. பேப்பரிலேயே வந்ததே!"

அக்கா ஒன்றும் பேசவில்லை. காலையில் பள்ளிக்கூடம் இருக்கிறது, போய்ப் படு என்று பையனை விரட்டவும் இல்லை. முதல் சுற்றின் கடைசி இடம், 32வது, வந்தது. பால்ட்டிமோர் கட்சி வேறொரு கட்சியிடமிருந்து அந்த இடத்தைப் பண்டமாற்றுச் செய்து வாங்கி, ஜாக்ஸனை எடுத்தது. பையன் ஸோபா மேல் ஏறிக் குதித்தான். அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் அந்தப் பிள்ளையிடம் இல்லை. அந்த அம்மாளிடம் இருந்தது.

பிறகு எழுந்து சமையலறைக்குள் போனாள். காலண்டர் அசைகிற சத்தம் கேட்டது. கடிதத்தோடு வந்து பையன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கண்ணா, பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். அந்தப் பரீட்சையில்..."

"தெரியும் அம்மா" என்றான் பையன். "காலண்டருக்குப் பின்னாலே இருந்ததே. நான் அப்பவே படிச்சுட்டேன்."

"அப்படியானால் ஏனடா என்னிடம் கேட்கவில்லை?"

"நீதான் வருத்தமா இருந்தியே!"

அக்கா அவனை இழுத்து அணைத்துக்கொண்டாள். அத்திம்பேர் டெலிவிஷனை அணைத்தார். எனக்குத் தொண்டையை அடைத்தது. குழந்தைக்குத் தெரியக்கூடாது என்று தாயும், தாய்க்கு வருத்தம் கூடாது என்று குழந்தையும், இரண்டு வாரமாக ஒரு காகிதத்தை ஒருவருக்கொருவர் மறைத்து வைத்திருந்திருக்கிறார்கள். அந்த எண் தவறா, சரியா என்பது இருக்கட்டும். அது செய்திருந்த காரியம் இது.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 2019ம் பருவத்தில் லாமர் ஜாக்ஸன் லீக்கின் தலைசிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 50 ஓட்டுக்களில் ஐம்பதும் அவருக்கே. பரீட்சையில் கிடைக்காத ஐம்பதுக்கு ஐம்பது அங்கே கிடைத்தது! 2023ல் மறுபடியும் அதே பரிசு. அதே 2023ல், தரகர் யாரையும் வைத்துக்கொள்ளாமல், ஐந்து வருஷத்துக்கு 26 கோடி டாலர் என்று தாமே ஒப்பந்தம் பேசி முடித்தார். பென்சில் கணக்குப் போடத் தெரியாதவர் என்று யாரும் இப்போது சொல்வதில்லை.

ஆனால் 37 மார்க்கு வாங்கிய ஜோஷ் ஆலனும் அபாரமாக ஆடி, 2024ம் பருவத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் ஆனார். 29 வாங்கிய ரோஸனோ கட்சி விட்டுக் கட்சி மாறி எங்கும் நிலைக்கவில்லை. ஆகவே 'மார்க்கு குறைந்தவனே கெட்டிக்காரன்' என்று தலைகீழாகப் பாடம் படிக்கவும் இடமில்லை. முப்பத்தேழும் ஒரே சிகரத்துக்குப் போயிற்று, பதின்மூன்றும் போயிற்று. வழி காட்டியது அந்த எண் அல்ல, அவ்வளவுதான்.

2022ல் இண்டியானபொலிஸ் தேர்விலிருந்து வொண்டர்லிக் பரீட்சையை லீக் எடுத்துவிட்டது. அதற்கு முந்திய வருஷம் இன்னொரு விஷயமும் அம்பலமாயிருந்தது. ஆட்டத்தில் தலையில் அடிபட்டு நினைவு மங்கிப் போன பழைய ஆட்டக்காரர்களுக்கு நஷ்டஈடு கொடுக்கிறார்கள். அந்தக் கணக்கில், கறுப்பர்களுக்குப் புத்தி ஆரம்பத்திலேயே ஒரு மாற்றுக் குறைவு என்று அனுமானித்துக்கொள்ளும் முறை இருந்தது. அதனால், "எனக்கு இருந்த புத்தி போய்விட்டது" என்று நிரூபிப்பது அவர்களுக்கு மட்டும் கடினமாயிற்று. பழைய ஆட்டக்காரர் இருவர் வழக்காடியதன் பேரில், 2021ல் அந்த முறையைக் கைவிடுவதாக லீக் ஒப்புக்கொண்டது. உள்ளே வரும்போது ஓர் எண். வெளியே போகும்போதும் ஓர் எண்! ஒரு ஜாதியாரின் தலைக்குள் என்ன இருக்கும் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால், எந்தக் கோலால் அளந்தாலும் அதே பதில்தான் வரும் போலிருக்கிறது.

ஒரு தராசு போனால் மனிதன் சும்மா இருப்பானா? கம்ப்யூட்டரில் பட்டனைத் தட்டிப் பதில் சொல்லும் புதுப் பரீட்சை ஒன்று கிளம்பியது. 2023ல் அதில் மிகக் குறைந்த மார்க்கு வாங்கினார் என்று ஸி. ஜே. ஸ்ட்ரவுட் என்ற வாலிபரைப் பற்றிச் செய்தி கசிந்தது. டெக்ஸஸிலேயே இருக்கிற ஹூஸ்டன் கட்சி, அதைப் பொருட்படுத்தாமல் இரண்டாவது இடத்திலேயே அவரை எடுத்தது. அந்தப் பருவத்தில் புதிதாக வந்த தாக்கும் ஆட்டக்காரர்களில் முதல்வர் என்ற பரிசு ஸ்ட்ரவுட்டுக்குத்தான் கிடைத்தது. அன்று அத்திம்பேர் எனக்குப் போன் பண்ணி, "உன் சுரைக்காய் மறுபடியும் ஜெயித்துவிட்டது" என்றார்.

அக்கா பிள்ளைக்கு இப்போது மீசை அரும்பிவிட்டது. அவன் ஜாக்ஸனாகவும் ஆகவில்லை. பள்ளிக்கூடம் பயந்த மாதிரி மந்தமாகவும் ஆகவில்லை. கணக்கில் சுமார். யந்திரம் எதைக் கண்டாலும் பிரித்துப் போட்டு, திரும்பவும் பூட்டிவிடுவான். எதிராளி மனசு கோணாமல் பேசத் தெரியும். இந்தக் கடைசித் திறமைக்குப் பத்து வயதிலேயே அவன் பரீட்சை கொடுத்துத் தேறிவிட்டதை நான் கண்ணால் பார்த்தேன்.

போன தடவை போயிருந்தபோது, ஏதோ ரசீது தேடுவதற்காக அக்கா ஒரு பெரிய பைலை எடுத்துப் பிரித்தாள். அந்தக் கடிதம் அதில் இருந்தது. அவள் அதைக் கிழித்துப் போட்டுவிடவில்லை. அவன் வரைந்த யானைப் படத்துக்கும், நீச்சல் பழகியதற்குக் கொடுத்த சான்றிதழுக்கும் நடுவே, மற்றக் காகிதங்களோடு ஒரு காகிதமாக வைத்திருந்தாள்.